நாலாவது கேள்வி

வேலூர்
03.03.2025

திரு. அந்தோணி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

எங்கள் நிலையம் மே மாதம் நடத்தும் ‘கால்நடை மருத்துவம் அறிவோம்’ கோடை முகாமுக்கு, தங்கள் பக்கத்து வீட்டுப் பதினோராம் வகுப்பு மாணவி த. ஜோதி விண்ணப்பித்திருக்கிறார். மூன்று வாரம் மருத்துவர்களுடன் இருந்து, இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று மாணவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளும் முகாம் இது. இடங்கள் பதினாறு. விண்ணப்பங்கள் முந்நூற்றுக்கு மேல். தான் விலங்குகளோடு பழகுவதை நேரில் கண்டவர் என்று ஜோதி தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார். தங்களுக்குக் கைபேசி இல்லை என்று குறித்திருப்பதால் தபாலில் எழுதுகிறோம்.

கீழ்க்கண்ட நான்கு கேள்விகளுக்கும் தங்கள் சொந்த வார்த்தைகளில் பதில் எழுதி அனுப்பவும்.

1. மாணவியை எவ்வளவு காலமாகத் தெரியும்?
2. விலங்குகளிடம் அவர் நடந்துகொள்வதற்குத் தாங்கள் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சி.
3. அவருடைய குறைகள்.
4. நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதேனும் உண்டா?

இது ரகசியக் கடிதம். இதையும் தங்கள் பதிலையும் மாணவியிடம் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
டாக்டர் வஜீதா
முகாம் ஒருங்கிணைப்பாளர்

*

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்
09.03.2025

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு ஆம்பூர் அந்தோணி சொல்லிக்கொள்வது. இங்கே நானும் பதினோரு ஆடுகளும் சுகம். இடது காது மட்டும் சுகமில்லை, அது போய் இருபது வருஷம் ஆகிறது. போனில் யார் பேசினாலும் தோல் ஷாப்பில் டிரம் சுற்றுகிற மாதிரிதான் கேட்கும். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாய் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நான் யார் என்று சொன்னால்தான் நான் சொல்வதை நம்பலாமா என்று உங்களுக்குத் தெரியும். பச்சைத் தோல் மண்டியில் நாற்பத்தேழு வருஷம் தோல் பிரித்தவன். லாரியில் வருகிற தோலை விரித்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று ஒதுக்குகிற வேலை. மாட்டை உயிரோடு பார்த்தது கம்மி, தோலாய்ப் பார்த்ததுதான் ஜாஸ்தி. உண்ணி கடித்தது, அம்மை போட்டது, முள்கம்பியில் மாட்டியது எல்லாம் தோலில் இருக்கும். வேலையை விட்டபிறகு ஆடு வளர்க்கிறேன்.

முதல் கேள்வி. ஜோதியை அவள் பிறந்த நாளிலிருந்து தெரியும். அன்று ஈரோட்டிலிருந்து மண்டிக்கு வந்த லாரி வாணியம்பாடி தாண்டிக் கவிழ்ந்தது. அவள் அப்பா தமிழ்வேந்தன் தோல் பொறுக்கி ஏற்றப் போயிருந்ததால் முதலில் அவளைப் பார்த்த ஆம்பிளை நான்தான். ஆடு மேய்க்க அவள் என்னோடு வருவது ஏழாம் வகுப்பிலிருந்து.

இரண்டாவது. போன அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. காதறுந்த ஆட்டுக்குக் காலையிலிருந்து வலி, குட்டி வரவில்லை. உள்ளே விட என் கை பெரிசு. ஜோதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், சீருடையோடு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள். ‘தாத்தா, ஒரு காலு மடிஞ்சினு இருக்கு’ என்றாள். ‘எந்தக் காலு?’ என்றேன். ‘நீ வாய மூடிக்கினு ஆட்டப் புடி, எண்ணிக்கினு இருக்கேன்’ என்றாள். பிடித்தேன். கால் மணி நேரத்தில் இரண்டு குட்டி. ஒன்று எழுந்து நின்றது. இன்னொன்று மூச்சு விடவில்லை. செத்ததைத் துணியில் சுற்றி ஓரமாய் வைத்துவிட்டு, நின்றதுக்குத் தொப்புளில் மருந்து தடவினாள். அழுதது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது. குறை மூன்று. கோபம் வரும். யார் பெரியவர் என்று பார்க்க மாட்டாள். போன சித்திரையில் பட்டிக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் போய்விட்டாள், நாய் புகுந்து ஒரு குட்டி போய்விட்டது. அது முழுக்க அவள் கவனக்குறைவு. கடைசியாக, நகம் கடிப்பாள். ஆட்டைத் தொட்ட கையை வாயில் வைக்காதே என்று ஏழு தடவை சொல்லியாகிவிட்டது.

நாலாவது. வேறு ஒன்றும் இல்லை.

பெருவிரல் வைத்திருக்கிறேன். உப்பில் தேய்ந்த விரல், ரேகை சரியாக விழாது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அந்தோணி

*

வேலூர்
17.03.2025

அன்புள்ள திரு. அந்தோணி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. ஆடுகள் நலம் என்றறிந்து மகிழ்ச்சி.

ஒரு சிக்கல். தாங்கள் அனுப்பிய கடிதத்தின் கையெழுத்தும் ஜோதியின் விண்ணப்பத்திலுள்ள கையெழுத்தும் ஒன்றாக இருக்கின்றன. மாணவி தன்னைப் பற்றித் தானே எழுதிய பரிந்துரையைக் குழு ஏற்காது. விண்ணப்பத்தைத் தள்ளிவிடவே விதியில் இடமுண்டு. ஆனால் தன்னைப் புகழ்ந்து எழுதிக்கொள்பவர் நகம் கடிப்பதையும் குட்டி செத்ததையும் எழுதுவாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வேறொருவரைக் கொண்டு எழுதி ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குள் அனுப்பவும்.

இப்படிக்கு,
வஜீதா

*

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்
24.03.2025

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு அந்தோணி சொல்லிக்கொள்வது. இங்கே நானும் பதினோரு ஆடுகளும் சுகம். வெள்ளாடு ஒன்று சினை. தாங்கள் நோன்பில் இருப்பீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இதை எழுதுகிறவர் ஜெராக்ஸ் கடை சமீருல்லா. அவரும் நோன்பு. நாக்கு வறள்கிறது, சுருக்கமாய்ச் சொல் என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா, எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எங்கள் சந்தில் கடுதாசி, ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை எது வந்தாலும் படிப்பது ஜோதிதான். உங்கள் முதல் கடுதாசியையும் அவள்தான் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, ‘தாத்தா, இது ரகசியமாம். நான் படிக்கக் கூடாதாம்’ என்றாள்.

‘எதுல போட்டிருக்கு?’

‘இதுலதான்.’

‘அப்போ படிச்சாத்தானே தெரியும், படிக்கக் கூடாதுன்னு? படி.’

அதுவும் என் வலது காதுக்குக் கத்திப் படிக்க வேண்டும். எனக்குப் படித்தால் சந்துக்கே படித்த மாதிரி. இதில் எங்கே ரகசியம்? பதிலையும் அவளையே எழுதச் சொன்னேன். நகம் என்றபோது வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு எழுதினாள். தப்பு என்னுடையது.

முதல் மூன்று கேள்விக்கும் அன்று சொன்ன வார்த்தையையே மறுபடி சொன்னேன். சமீருல்லா தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறார். ஒத்துப் பாருங்கள். நாலாவது நீளம் என்பதால் இதிலேயே சொல்கிறேன்.

இந்த ஜனவரி இருபத்திரண்டு, புதன்கிழமை. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் கறவை மாடு ஒன்று விடியற்காலை செத்துப்போனது. முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் நன்றாய் மேய்ந்த மாடு. தமிழ்வேந்தன் லோடு ஆட்டோவில் தோல் எடுக்கிறவன், சொல்லி அனுப்பினார்கள். அங்கேயே உரித்து, தோலை மடித்து வண்டியில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போகிற வழியில் என் வாசலில் நிறுத்தினான். ‘பெருசு, ஒரு பார்வை பாரு’ என்றான். தரம் தெரிந்துகொண்டு போனால் மண்டியில் ஏமாற மாட்டான், அதற்காக.

ஒரு முனையைப் பிரித்தேன். உள்பக்கம் ரத்தம் தார் மாதிரி கறுப்பாய் இருந்தது, உறையாமல் வழிந்தது. ‘மடி. கைய எடு’ என்றேன். எழுபத்தாறில் இதே மாதிரி ஒரு தோலைத் தூக்கியவருக்குக் கையில் கறுப்புப் புண் வந்து ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரும் தெரியும், எந்தத் தோளில் தூக்கினார் என்றும் தெரியும்.

ஜோதி பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தவள் வந்தாள். ‘அப்பா, மாட்டுக்கு மூக்குல ரத்தம் வந்துச்சா?’

‘வந்துச்சு. இன்னா இப்போ?’

‘இது அடைப்பான் நோய்ப்பா. மண்டிக்குப் போவக் கூடாது.’

‘நவுரு, லேட்டாவுது.’

நகரவில்லை. வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவன் ஆரன் அடித்தான். சந்தே கூடிவிட்டது. ‘ஏத்து, என் மேல ஏத்திட்டுப் போ’ என்றாள். இருபது நிமிஷம். கடைசியில் வண்டியைத் திருப்பினான். தோலையும் மாட்டையும் ஒரே குழியில் ஆள் ஆழத்துக்கு இறக்கி, இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். அவள் தள்ளி நின்று எல்லாரையும் கை கழுவ வைத்தாள். அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்தத் தோல் மண்டிக்குப் போயிருந்தால் எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் முகாமுக்கு இதைவிட வேறு இன்னா வேண்டும்? இதைத்தான் அன்றும் சொன்னேன். இது தெரிந்தும் கையெழுத்துக்காகத் தள்ளப் பார்த்தீர்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பெருவிரல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தோணி
எழுதியவர்: சமீருல்லா

*

வேலூர்
29.03.2025

அந்தோணி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் சினை ஆடும் நலமா?

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று பதில்களும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றே. அந்த ஏழு தடவை உட்பட. நாலாவது பதில் அப்படியில்லை. முதல் கடிதத்தில் அதற்கு மூன்றே சொற்கள்தான்: ‘வேறு ஒன்றும் இல்லை.’

தேர்வைப் பற்றி இப்போது பேசவில்லை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி மண்ணில் பல வருடம் சாகாமல் இருக்கும். அந்த இடத்தைத் தோண்டக் கூடாது. அதன்மேல் எதுவும் மேயக் கூடாது. சுற்றிலும் உள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். தோலைத் தொட்டவர்களை மருத்துவர் பார்க்க வேண்டும். எந்த ஊர், எந்த இடம் என்பதைத் தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

நான் இதைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். கேட்டபிறகு கேட்காதவள் போல இருக்க என் வேலையில் இடமில்லை.

இப்படிக்கு,
வஜீதா

*

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்
04.04.2025

டாக்டரம்மாவுக்கு அந்தோணி சொல்லிக்கொள்வது. இங்கே நானும் பதின்மூன்று ஆடுகளும் சுகம். வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது, இரண்டும் கிடா. தங்கள் சுகத்தையும் தங்கள் தாயார் இருந்தால் அவர்கள் சுகத்தையும் அறிய ஆவல். ரம்ஜானுக்கு சமீருல்லா பிரியாணி கொடுத்தனுப்பினார். வெயில் இப்போதே ஜாஸ்தி. தங்கள் பக்கம் எப்படி?

ரகசியம் என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் எல்லாம் சொன்னேன். அது எனக்கு மட்டும்தான், உங்களுக்கு இல்லை என்று தெரியாமல் போய்விட்டது.

நீங்கள் கேட்ட ஊரின் பெயர் எனக்கு நினைவில்லை. வயதாகிவிட்டது.

தோலைத் தொட்ட நாலு பேரும் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அந்தோணி
எழுதியவர்: சமீருல்லா

*

வேலூர்
08.04.2025

அந்தோணி ஐயா,

நான் சுகம். என் தாயாரும் சுகம். வேலூரிலும் வெயில்தான்.

பதினேழு வருடத்துக்கு முன் லாரி எங்கே கவிழ்ந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. எழுபத்தாறில் ஒருவர் எந்தத் தோளில் தோலைத் தூக்கினார் என்பதும் நினைவிருக்கிறது. ஜனவரியில் போன ஊரின் பெயர் மட்டும் மறந்துவிட்டது.

பதினான்காம் தேதி வரை காத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நானே ஊர் ஊராக விசாரிக்க வேண்டியிருக்கும். அதுவரை அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

வஜீதா

*

ஆம்பூர்
11.04.2025

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஜோதி.

உங்கள் எட்டாம் தேதிக் கடிதத்தைத் தாத்தா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சமீருல்லா மாமா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஊரில் இல்லை என்றார். பிறகு கடைத்தெருவுக்குப் போனபோது பார்த்தேன், ஜெராக்ஸ் கடை திறந்துதான் இருந்தது. மாமா எனக்கு வணக்கம்கூடச் சொன்னார்.

ஊர் மேட்டுக்கொல்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, இரண்டு பனைமரத்துக்கு நடுவில். மேலே கருங்கல் வைத்திருக்கிறோம். சுற்றி முள் வெட்டிப் போட்டேன், அதை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

நாலாவது பதிலை விட்டது நான். அப்போது தாத்தாவுக்குத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல வேறு தாளில் எழுதினேன், பேனா நின்றால் கேட்பார் என்று. கடிதத்தில் ‘வேறு ஒன்றும் இல்லை’ என்று போட்டேன். அந்தத் தாள் இத்தனை நாளாக என் உயிரியல் புத்தகத்தில் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜனவரியிலேயே நான் மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்க வேண்டும். எண்ணைக்கூட எடுத்து வைத்தேன். அப்பா, ‘பொதச்சாச்சு, முடிஞ்சுது. சொன்னா மாட்டுக்காரரு, நானு எல்லாம் மாட்டிக்குவோம்’ என்றார். செய்யவில்லை.

என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் நலத்துக்கு என் வாழ்த்து.

த. ஜோதி

*

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்
30.04.2025

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு அந்தோணி சொல்லிக்கொள்வது. நான் சுகம். பதின்மூன்று ஆடுகளும் ஊசி போட்டதில் ஒரு நாள் தீனி எடுக்கவில்லை, இப்போது சுகம். தாங்களும் தாயாரும் எப்படி இருக்கிறீர்கள்? ஜீப்பில் வந்தவர்களில் தாங்கள் இருப்பீர்கள் என்று பார்த்தேன், இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பதினாறாம் தேதி இரண்டு ஜீப் வந்தது. மேட்டுக்கொல்லையிலும் சுற்றியும் மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் ஊசி போட்டார்கள். பனைமரத்தைச் சுற்றிக் கம்பி வேலி அடித்து மஞ்சள் பலகை வைத்தார்கள். மாட்டுக்காரரையும் தமிழ்வேந்தனையும் தாலுகா ஆபீசுக்கு இரண்டு நாள் வரச்சொல்லி எழுதி வாங்கினார்கள். மண்டியில் அவனுக்கு லோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது உங்கள் வேலூர் லாங் பஜாருக்கு அரிசி மூட்டை ஏற்றுகிறான். வண்டியைக் கழுவிக் கழுவிப் பெயிண்ட் போய்விட்டது.

போன ஞாயிறு என் வாசலில் நின்று, ‘பெருசு, எழுவத்தாறு வயசுல ஊருக்கே மறதி வருது. உனக்கு மட்டும் இன்னாத்துக்கு வரல?’ என்றான். ஜோதி என் வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. ஆட்டுக்குத் தண்ணீர் மட்டும் நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போகிறாள்.

அவள் விட்டதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மண்டிக்குத் தோல் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் மடித்துத்தான் கொண்டுவருவார்கள். கத்தி பட்ட ஓட்டை, புழு அரித்தது, அழுகல் எல்லாம் உள்ளே போகும். நல்ல பக்கம் மேலே இருக்கும். நாற்பத்தேழு வருஷம் நான் அந்த மடிப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். இந்தப் பெண் செய்ததை நான் ஒரு தோலிலும் பார்த்ததில்லை. கோபம், செத்த குட்டி, நகம், இருக்கிற ஓட்டை எல்லாவற்றையும் மேலே வைத்தாள். இருந்த ஒரே நல்ல பக்கத்தை உள்ளே மடித்துவிட்டாள். அப்பனுக்காக மடித்தாள். அது தப்பு என்றால் தப்புதான். ஆனால் உங்கள் முந்நூறு பேரில் இப்படி மடித்தவர் வேறு யாராவது உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவள் போன் செய்யவில்லை என்று எழுதியிருந்தாளாம், ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தபோது பார்த்ததாக சமீருல்லா சொன்னார். நானும்தான் செய்யவில்லை. அந்த ரத்தத்தைப் பார்த்து அடையாளம் சொன்னவன் நான். நீங்கள் நாலாவது என்று ஒன்று கேட்டீர்கள், சொன்னேன். கேட்காவிட்டால் இரண்டு மாதம் இருந்த மாதிரியே இருந்திருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் வேண்டியதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அந்தோணி
எழுதியவர்: சமீருல்லா

*

வேலூர்
05.05.2025

அந்தோணி ஐயா அவர்களுக்கு,

நானும் அம்மாவும் சுகம். தங்கள் வலது காது நன்றாக இருக்க வேண்டும். ஏனென்றால் இது ரகசியக் கடிதம் அல்ல. இதை சமீருல்லாவிடம் கொடுக்க வேண்டாம். ஜோதியே உரக்கப் படித்துக் காட்டட்டும்.

ஜோதி தன் கடிதத்துடன் வைத்திருந்த தாளும் சமீருல்லா எழுதியதும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகின்றன. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஜோதியின் கடிதத்தில் அது இல்லை. எனவே அவர் விண்ணப்பம் நேற்றுவரை குழுவின் முன் இருந்தது.

பரிந்துரையில் ஒரு பகுதியை நீக்கியது தவறு. அது அவர் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்காகவே குழுவில் ஐவரில் இருவர் வேண்டாம் என்றார்கள். அதற்குமேல் நான் வாதம் செய்யவில்லை. தங்கள் முப்பதாம் தேதிக் கடிதத்தில் மடிப்பைப் பற்றிய பகுதியை மட்டும் படித்தேன். மூன்று பேர் சரி என்றார்கள்.

த. ஜோதிக்கு இடம் உண்டு. முகாம் பன்னிரண்டாம் தேதி தொடங்குகிறது. முதல் வாரம் அவர் குழு மேட்டுக்கொல்லையில் ஊசி போட்ட மாடுகளைத் திரும்பப் பார்க்கப் போகும்.

இணைத்திருக்கும் படிவத்தில் அவர் தந்தை கையெழுத்திட்டு, பத்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். அது இல்லாவிட்டால் நான் செய்யக்கூடியது எதுவுமில்லை.

வஜீதா

*

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்
08.05.2025

மரியாதைக்குரிய டாக்டரம்மாவுக்கு அந்தோணி சொல்லிக்கொள்வது. இங்கே நானும் பதின்மூன்று ஆடுகளும் சுகம். வலது காதும் சுகம். தாங்களும் தாயாரும் அப்படியே இருக்க வேண்டும்.

உறைமேலேயே ‘ஜோதி படித்துக் காட்டவும்’ என்று நீங்கள் எழுதியிருந்ததால் தபால்காரர் என் வீட்டுக்குப் பதில் அவள் வீட்டில் கொடுத்துவிட்டார். வாங்கியது தமிழ்வேந்தன். அவளையும் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, ‘உன் கடுதாசி எங்க வூட்டுக்கு இன்னாத்துக்கு வருது?’ என்றான். உட்காரவில்லை. போகவும் இல்லை.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் படிக்க ஆரம்பித்தாள். மெதுவாய்ப் படித்தாள். ‘கேக்கல’ என்றேன். கத்திப் படித்தாள். சந்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. மூன்று பேர் சரி என்றார்கள் என்கிற இடத்தில் நின்றுவிட்டாள். ‘இன்னா, கரண்டு போச்சா?’ என்றேன். ‘இரு தாத்தா’ என்றாள். அடுத்த வரியை அவள் படித்தது எனக்கு நிஜமாகவே கேட்கவில்லை. எதிர்வீட்டு அமிர்தவள்ளி சத்தம் போட்டதால் தெரிந்துகொண்டேன்.

கையெழுத்து என்று வந்ததும் எல்லாரும் தமிழ்வேந்தனைப் பார்த்தார்கள். அவன் என்னைக் கேட்டான். ‘அந்த மடிப்பு விஷயம் இன்னா அது?’ சொன்னேன். உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தையில் சொன்னேன். அவன் தோல் மடிக்கிறவன், அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஜீப்புல இவளும் போவாளா?’ என்றான்.

‘மொத வாரமே மேட்டுக்கொல்லைதானாம்.’

‘நல்லாக்கீது. அன்னிக்கி என் வண்டிய மறிக்க நடந்து வந்தா. இனிமே சர்க்காரே டீசல் ஊத்திக் கூட்டினு வரும்’ என்றான். பிறகு ஆட்டோவின் பக்கப் பலகையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். பெயிண்ட் போன இடம், தாள் சறுக்கவில்லை.

என்னோடு அவன் இன்னும் பழையபடி பேசவில்லை. கேட்டால் பதில் சொல்கிறான், அவ்வளவுதான். மண்டியில் இன்னும் லோடு கொடுக்கவில்லை.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் கடுதாசியை எழுதுகிறவள் ஜோதி. கையெழுத்தைப் பார்த்து நீங்கள் சந்தேகப்பட வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன். இதுவரை எழுதியதை சமீருல்லாவிடம் எடுத்துப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னது ஒன்றும் விடவில்லை. சொல்லாதது ஒரு வரி தாளின் அடியில் இருக்கிறது, அதை அடித்துவிடவா என்றார் சமீருல்லா. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பெருவிரல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தோணி
எழுதியவர்: த. ஜோதி

நகம் கடிப்பது இன்னும் நிற்கவில்லை. — ஜோதி